கெட்டிக்காரக் கருவியும் ஒழுகும் வீடும்

2025 அக்டோபர் 25 முதல் கூகுளின் முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகள் கைப்பேசியின் பேச்சைக் கேட்பதில்லை. சுவரில் இருக்கும் வட்டத்தைத் திருகினால் வீடு சூடாகும். ஏற்கெனவே போட்டுவைத்த நேர அட்டவணையும் ஓடும். ஆனால் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போதே வீட்டுக்கு ஆணை அனுப்பும் வசதி போயிற்று, மென்பொருள் புதுப்பிப்பும் நின்றது. 2011இல் அமெரிக்கர்கள் 249 டாலர் கொடுத்து இந்தக் கருவியை வாங்கியதற்கு அந்த வசதியும் ஒரு காரணம். ஐரோப்பாவில் இனிப் புதிய நெஸ்ட் தெர்மோஸ்டாட் எதையும் வெளியிடப்போவதில்லை என்றும் அந்நிறுவனம் கூடவே அறிவித்துவிட்டது. ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் 1953இல் சந்தைக்குக் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டுக்கு இப்படி ஒரு காலாவதி தேதி இருந்ததில்லை. தாத்தா மாட்டியதைப் பேரன் திருகிக்கொண்டிருந்த வீடுகள் அமெரிக்காவில் ஏராளம்.

நம் ஊரில் ஏசி ரிமோட்டில் 24 வைப்பதோடு வெப்பநிலை விவகாரம் முடிந்துவிடும். குளிர்நாட்டில் அப்படியில்லை. இங்கிலாந்து வீட்டில் சமையலறை அலமாரிக்குள் ஒரு கேஸ் பாய்லர் இருக்கும். அது தண்ணீரைச் சூடாக்கி, அறைக்கு அறை சன்னலுக்குக் கீழே நிற்கும் ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74 விழுக்காடு வீடுகள் குழாய் எரிவாயுவை மட்டுமே நம்பிச் சூடாகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலவறையில் ஒரு ஃபர்னஸ் நின்று காற்றைச் சூடாக்கி வீடெங்கும் ஊதுவது வழக்கம். எந்த முறையானாலும், வீட்டின் எரிசக்தியில் மிகப் பெரிய பங்கை விழுங்குவது இந்தச் சூடுதான். அது எப்போது எரியவேண்டும், எப்போது அணையவேண்டும் என்று தீர்மானிக்கும் சிறு பெட்டியில் மூளையை வைத்தால் பணம் மிச்சமாகும் என்பது ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் விற்பவர்களின் வாக்குறுதி. பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவம் சேர்ந்துவிட்டதால், அந்த வாக்குறுதி எவ்வளவு தேறியது என்று இப்போது கணக்குப் பார்க்கலாம்.

மூளையை வைக்கும் முயற்சி புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திய வாரன் ஜான்சன் 1883இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவி தானாக எதையும் அணைக்கவில்லை. வகுப்பறை குளிர்ந்தால் அடித்தளத்தில் மணி அடிக்கும், அங்கிருக்கும் பணியாளர் போய்ச் சூட்டைக் கூட்டுவார். நூற்றிருபது ஆண்டுகளில் மணி போய் ரிலே வந்தது, நேரக் கடிகாரம் வந்தது, திரை வந்தது. பணியாளர் மட்டும் மாறவில்லை. அந்த வேலை வீட்டுக்காரர் தலையில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் அந்த வேலையை எப்படிச் செய்கிறார் என்று ஆராய்ந்தவர் வில்லெட் கெம்ப்டன். 1986இல் வெளியான அவருடைய கட்டுரை மக்கள் மனத்தில் இரண்டு கோட்பாடுகள் இருப்பதாகச் சொன்னது. தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்க் குழாய்போல நினைப்பவர்கள் ஒரு வகை. அதிகம் திருகினால் சூடு அதிகமாகக் கொட்டும் என்பது இவர்கள் நம்பிக்கை. குளிரில் நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் 20 வேண்டிய இடத்தில் 28 வைப்பார்கள். சாதாரண பாய்லருக்கு எரிவதும் அணைவதும்தான் தெரியும். 28 வைத்தாலும் அதே வேகத்தில்தான் வீடு சூடாகும், 20 வந்த பிறகும் நிற்காமல் எரியும் என்பதே வேறுபாடு. இலக்கை எட்டியதும் கருவி தானே நிறுத்திக்கொள்ளும் என்று சரியாகப் புரிந்தவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினரை லேசாக எடைபோடக் கூடாது, அவர்கள் எண்ணிக்கை கணிசம்.

நேரத்தைப் பதிந்துவைக்கும் தெர்மோஸ்டாட்டுகள் வந்தபோது இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று அமெரிக்க அரசே நம்பியது. இரவிலும் வீட்டில் ஆளில்லாத நேரத்திலும் எட்டு மணி நேரத்துக்கு 7 முதல் 10 ஃபாரன்ஹீட் டிகிரி குறைத்துவைத்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடுவரை மிச்சமாகும் என்பது அந்நாட்டு எரிசக்தித் துறையின் கணக்கு. கணக்கில் பிழையில்லை, குறைத்துவைக்கத்தான் ஆளில்லை. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் ஆலன் மெயரும் சகாக்களும் 2010இல் வீடுகளில் மாட்டியிருந்த கருவிகளைப் புகைப்படமாக வாங்கிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் நேரமே தப்பாக இருந்தது. பாதிக் கருவிகள், அட்டவணையை ஓரங்கட்டிவிட்டு ஒரே வெப்பநிலையில் நிறுத்திவைக்கும் பொத்தானில் கிடந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளுக்குத் தந்துவந்த எனர்ஜி ஸ்டார் என்ற எரிசக்திச் சிக்கன முத்திரையை 2009 இறுதியோடு விலக்கிக்கொண்டது.

இந்தத் தோல்வியின் மேல்தான் நெஸ்ட் எழுந்தது. ஆப்பிளில் ஐபாட் உருவாக்கத்தில் முன்னின்ற டோனி ஃபடெலும் மேட் ராஜர்ஸும் 2011இல் அதை வெளியிட்டார்கள். ‘நீங்கள் அட்டவணை போடவேண்டாம், ஒரு வாரம் திருகிக்கொண்டிருங்கள், நானே கற்றுக்கொள்கிறேன்’ என்பதுதான் அதன் பேச்சு. 2014இல் கூகுள் 320 கோடி டாலருக்கு நிறுவனத்தையே வாங்கியது. மியூனிக்கிலிருந்து டாடோ, பிரிட்டிஷ் கேஸின் ஹைவ், டொராண்டோவிலிருந்து எக்கோபீ என்று போட்டியாளர்கள் பெருகினார்கள். ஆளுக்கொரு தந்திரம். டாடோ கைப்பேசியின் இருப்பிடத்தைப் பார்த்து வீட்டில் ஆளில்லை என்று கண்டுபிடிக்கும். எக்கோபீ அறைகளில் சிறு உணரிகளை வைத்து, ஆளிருக்கும் அறையின் வெப்பநிலையைக் கணக்கில் எடுக்கும்.

சரி, மிச்சமாயிற்றா?

2015இல் நெஸ்ட் வெளியிட்ட அறிக்கை சூட்டுச் செலவில் சராசரியாக 10 முதல் 12 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. எனர்ஜி ஸ்டார் முத்திரை இணையவழித் தெர்மோஸ்டாட்டுகளுக்காகத் திரும்ப வந்தபோது, சூடாக்கலும் குளிரூட்டலும் சேர்ந்த செலவில் சராசரியாக 8 விழுக்காடு என்ற எண் வழக்குக்கு வந்தது. விளம்பரங்கள் சில இவற்றைத் தாண்டி இரட்டிப்பு எண்களைக் காட்டும். அந்த எண்களைப் பார்க்கும்போது, எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்று முதலில் கேட்கவேண்டும். இரவும் பகலும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கும் ஒரு கற்பனைக் குடும்பத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கருவியும் பெரிய எண்ணைக் காட்டிவிடும். படுக்கப் போகும்போது குறைத்து, வெளியே போகும்போது அணைத்துப் பழகிய வீட்டில் அந்தக் கருவிக்கு வேலையே இல்லை.

ஜான் லிஸ்ட், ராபர்ட் மெட்கால்ஃப் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டி, 18 மாதம் மின்சாரம், எரிவாயு இரண்டின் பயன்பாட்டையும் தொடர்ந்தார்கள். மாட்டிய வீட்டுக்கும் மாட்டாத வீட்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. பொறியியலாளர்கள் போட்ட கணக்கு வீட்டுக்காரர் கைவைக்காதவரை சரியாக இருந்தது. குளிர்கிறது என்று அவர் ஒரு தடவை கூட்டுகிறார், கருவியின் திட்டம் கலைகிறது. கைப்பேசியில் படுத்தபடியே கூட்டமுடிவதால் போர்வையை விட்டு எழுந்து போகும் சிரமமும் இல்லை. வசதியாகக் கொடுத்தது மிச்சத்தைத் தின்றுவிட்டது.

விலை ஏறினால் கணக்கு மாறும் என்பதையும் சொல்லவேண்டும். 2021 அக்டோபரில் பிரிட்டனில் எரிவாயு யூனிட்டுக்குச் சுமார் 4 பென்ஸ். உக்ரைன் போருக்குப் பிறகு, 2022 அக்டோபரில், அரசு தலையிட்டுக் கட்டுப்படுத்திய விலையே 10.3 பென்ஸ். ஆண்டுக்கு 12,000 யூனிட் செலவழிக்கும் நடுத்தர வீட்டில் 8 விழுக்காடு என்பது முந்தைய விலையில் 38 பவுண்ட், பின்னதில் 99 பவுண்ட். பொருத்துக் கூலியோடு 200 பவுண்ட் ஆகும் கருவி இரண்டு ஆண்டில் போட்ட காசை எடுக்குமா, ஐந்து ஆண்டு இழுக்குமா என்பதைக் கருவியின் மூளையைவிட எரிவாயுச் சந்தைதான் தீர்மானித்தது. அதுவும் அந்த 8 விழுக்காடு உண்மையாகவே கிடைத்தால். கருவியை வாங்கிய பிறகும் செலவு முடிவதில்லை. டாடோவில் ஆள் வெளியேறியதும் தானாகவே குறைப்பது போன்ற வசதிக்கு, 2018க்குப் பிந்தைய கருவிகளில், சந்தா கட்டவேண்டும். கட்டாதவருக்கு, குறைக்கச் சொல்லி அறிவிப்பு வரும், குறைப்பது அவர் விரல்தான். வாரன் ஜான்சனின் மணிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இத்தனைக்கும் இந்தக் கருவிகள் செய்த உருப்படியான வேலை ஒன்றுண்டு, அதை விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. அவை வீட்டை அளந்துவிட்டன. டாடோ 2020இல் ஐரோப்பா முழுதும் சுமார் 80,000 வீடுகளின் பதிவுகளை ஒப்பிட்டது. வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி. சூட்டை நிறுத்தி ஐந்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் பிரிட்டன் வீடு சராசரியாக 3 டிகிரி இழந்திருந்தது, ஜெர்மன் வீடு 1 டிகிரிதான். விக்டோரியா காலத்துச் செங்கல் சுவர், இடுக்கு விழுந்த சன்னல், பரணில் மெல்லிய காப்புறை: பிரிட்டனின் வீடுகள் மேற்கு ஐரோப்பாவிலேயே மோசமாக வெப்பம் ஒழுகுபவை என்பதைக் கட்டடப் பொறியியலாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள். தெர்மோஸ்டாட் வீடுவீடாகச் சாட்சி சொல்லிவிட்டது. தன் வீட்டு வரைபடத்தைச் செயலியில் பார்த்து, இரவு பத்துக்கு அணைத்ததும் கோடு செங்குத்தாகச் சரிவதைக் கண்ட ஒருவர் அடுத்த சம்பளத்தில் பரணுக்குக் காப்புறை போட்டால், அந்தக் கருவி தன் விலைக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்ததாகவே கொள்ளலாம். முதியவர் தனியே இருக்கும் வீட்டில் அறை 18 டிகிரிக்குக் கீழே போகிறதா என்று மகள் வேறு ஊரிலிருந்து பார்ப்பதும் சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் குளிர்கால வீடுகளுக்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவும் அதே 18தான்.

பாய்லரின் பக்கம் போனால் இன்னொரு சங்கதி. இன்று விற்கும் பாய்லர்கள் எல்லாம் கண்டென்சிங் வகை. புகையில் போகும் நீராவியைக் குளிரவைத்து அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் அவற்றுக்கு 90 விழுக்காட்டுக்கு மேல் திறன் என்று போட்டிருக்கும். ஆனால் ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். பொருத்துபவர்கள் பல வீடுகளில் பாய்லரை 75, 80 டிகிரித் தண்ணீர் அனுப்பும்படி வைத்துவிட்டுப் போகிறார்கள். வாடிக்கையாளர் குளிர்கிறது என்று திரும்பக் கூப்பிடக் கூடாதே! அந்த நிலையில் சுவரில் எவ்வளவு கெட்டிக்காரக் கருவி இருந்தாலும், அது பாய்லருக்கு எரி, அணை என்ற இரண்டே சொல்லைத்தான் சொல்லுகிறது. தண்ணீரின் சூட்டை நிதானமாகக் கூட்டிக் குறைக்கச் சொல்லும் ஓப்பன்தெர்ம் போன்ற இணைப்பு மொழிகள் இருக்கின்றன. நெதர்லாந்தில் அது வழக்கம், பிரிட்டனில் பொருத்துபவர் பலர் அந்தக் கம்பியைத் தொடுவதேயில்லை.

2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த பாய்லர் பிளஸ் விதி இந்த இடத்தில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது என்று சொல்லலாம். சுடுநீர்த் தொட்டி தேவைப்படாத காம்பி வகைப் பாய்லரைப் புதிதாக மாட்டும்போது நான்கில் ஏதாவதொரு மேம்பாடு வேண்டும் என்றது விதி. வெளி வெப்பநிலைக்கேற்பத் தண்ணீர்ச் சூட்டை மாற்றும் ஏற்பாடு அதில் ஒன்று, ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் இன்னொன்று. சுலபமானதைத் தேர்ந்தெடுப்பது மனித இயல்பு. 2022 குளிர்காலத்தில் நெஸ்டா என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை, காம்பி பாய்லர் வைத்திருப்பவர்கள், அது ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறைக்கும்படி ஒரு பரப்புரை நடத்தியது. காசு செலவில்லை, பாய்லர் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழைத் திருகினால் போதும். தனியே சுடுநீர்த் தொட்டி உள்ள வீட்டில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தொட்டியில் தண்ணீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் லீஜியோனெல்லா கிருமி வளர இடமுண்டு. 200 பவுண்ட் கருவி வாங்குமுன் அந்தக் குமிழைத் தேடிப் பார்ப்பதே முறை.

இனி வீட்டுக்குள் இருக்கும் மனிதர்கள். கைப்பேசி வீட்டை விட்டுப் போனால் ஆள் போய்விட்டார் என்று முடிவுகட்டும் கருவிக்கு, கைப்பேசி இல்லாத ஆளைத் தெரியாது. லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ டொராண்டோ ஸ்கார்பரோவிலோ மகனும் மருமகளும் காலை எட்டரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மா பேரக்குழந்தையோடு வீட்டில் இருப்பார். அவருடைய எண் செயலியில் சேர்க்கப்படவில்லை. பத்து மணிக்கெல்லாம் ரேடியேட்டர் சில்லிட்டுவிடும். அவர் சுவரில் இருக்கும் கறுப்புக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, எழுதியிருப்பது விளங்காமல், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொள்வார். பழைய திருகு ஒன்று அங்கே இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை.

இது கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்வதும் உண்டு. வீட்டின் தெர்மோஸ்டாட், பூட்டு, விளக்கு ஆகியவற்றைக் கணவரோ முன்னாள் துணைவரோ தொலைவிலிருந்து இயக்கிப் பெண்களை மிரட்டும் போக்கை 2018இல் நியூயார்க் டைம்ஸ் விரிவாக எழுதியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் லியோனி டான்சர் தலைமையில் இதைப் பற்றி ஓர் ஆய்வுத் திட்டமே நடந்தது. கருவியை மாட்டியவர் யாரோ அவரே கடவுச்சொல்லை வைத்திருப்பார், வீட்டில் மற்றவர்கள் அவர் அனுமதித்த அளவுக்குத்தான் சூடாக இருக்கமுடியும்.

கோளாறுகளுக்கும் பஞ்சமில்லை. 2015 டிசம்பரில் நெஸ்ட் அனுப்பிய ஒரு மென்பொருள் புதுப்பிப்பால் அடுத்த மாதம் கருவிகளின் மின்கலம் வற்றி, நட்டநடுக் குளிர்காலத்தில் வீடுகள் சில்லிட்டன. அதே 2016இல் ஹைவ் செயலியில் ஒரு பிழை சில வீடுகளை 32 டிகிரிக்கு ஏற்றிவைத்தது. நவம்பரில் ஃபின்லாந்தின் லாப்பேன்ரான்டா நகரில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கணினி இணையத் தாக்குதலில் சிக்கி, திரும்பத் திரும்பத் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்தது, சூடு வரவில்லை. அந்த ஆண்டு டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் பிரிட்டிஷ் பாதுகாப்பு நிபுணர்கள் இருவர் ஒரு தெர்மோஸ்டாட்டைப் பணயமாகப் பிடித்து, காசு கொடுத்தால்தான் விடுவோம் என்று திரையில் எழுதிக் காட்டினார்கள். இவற்றில் கடைசியானது செய்முறை விளக்கம், மற்றவை நடந்தவை. சட்டம் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்க முடியாது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை நாள் வரும் என்பதையும் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும்.

மின்நிறுவனமும் தெர்மோஸ்டாட்டில் கைவைக்கலாம் என்பது 2022 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோ மக்களுக்கு நன்றாகப் புரிந்தது. தேவை உச்சத்தில் இருக்கும்போது கட்டுப்பாட்டை விட்டுக்கொடுப்பதாகச் சலுகை வாங்கி ஒப்புக்கொண்ட சுமார் 22,000 எக்ஸெல் எனர்ஜி வாடிக்கையாளர்கள், கடும் வெயிலில் தங்கள் ஏசியின் வெப்பநிலையைக் குறைக்க முடியாமல் பல மணி நேரம் தவித்தார்கள். கையெழுத்திட்டது அவர்கள்தான் என்பது உண்மை. ஆனால் அவசரத்துக்கு மீறிக்கொள்ள வழியே இல்லாத நாளும் வரும் என்று எத்தனை பேர் படித்துப் பார்த்திருப்பார்கள்?

எரிவாயு போய் வெப்பப் பம்பு வரும் வீடுகளில் இந்தக் கேள்விகள் புது வடிவம் எடுக்கின்றன. வெப்பப் பம்பு வெளிக் காற்றிலிருந்து சூட்டை இறைத்து உள்ளே தரும் கருவி. நாள் முழுதும் இளஞ்சூட்டில் நிதானமாக ஓடினால்தான் அதற்கு லாபம். இரவில் நன்றாகக் குறைத்து விடியலில் விரட்டும் பாய்லர் பழக்கம் அதற்கு ஒத்துவராது. அமெரிக்காவின் பல வீடுகளில், விடியலில் அவசரமாக ஏற்றச் சொன்னால் பம்போடு சேர்த்துத் துணைக்கு வைத்திருக்கும் மின்கம்பிச் சுருளும் எரியத் தொடங்கி, குறைத்து மிச்சம்பிடித்ததையெல்லாம் அரை மணியில் தின்றுவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் இருவர் 2022இல் எக்கோபீ பதிவுகளை ஆராய்ந்து வேறொன்றையும் சுட்டினார்கள். பலர் கருவியின் ஆயத்த அட்டவணையை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவதால், ஆயிரக்கணக்கான வீடுகள் அதிகாலை ஒரே நேரத்தில் சூடேறத் தொடங்குகின்றன. எரிவாயுவுக்கு அது பொருட்டில்லை, மின்கட்டமைப்புக்கோ பெரிய பாரம்.

இதற்கு மாறாக, விலை குறைந்த நேரம் பார்த்துச் சூடேற்றச் சொன்னால் அதே கருவி உதவிக்கு வரும். பிரிட்டனின் ஆக்டோபஸ் நிறுவனம் வெப்பப் பம்பு வீடுகளுக்கு விற்கும் கோஸி கட்டணத் திட்டத்தில் காலை 4 முதல் 7, பிற்பகல் 1 முதல் 4 உள்ளிட்ட வேளைகளில் மின்சாரம் மலிவு, மாலை 4 முதல் 7 வரை எகிறும். பிற்பகலிலேயே வீட்டை ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக ஏற்றிவைத்து, மாலை மூன்று மணி நேரம் பம்பைச் சும்மா விடுவதைக் கைக்கணக்கில் தினமும் செய்ய யாராலும் முடியாது, தெர்மோஸ்டாட்டால் முடியும். காப்புறை நன்றாகப் போட்ட வீட்டில் ஏழு மணிக்கும் அறை கதகதப்பாக இருக்கும். ஐந்து மணி நேரத்தில் 3 டிகிரி ஒழுகும் வீட்டிலோ ஆறு மணிக்குள் யாராவது ஒருவர் கைப்பேசியை எடுத்து, யூனிட் விலை உச்சத்தில் நிற்கும்போது சூட்டைக் கூட்டியிருப்பார்.